பைலட்டாகப் போகும் மருமகனுக்கு

குருநகர்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மருமகனுக்கு,

வட்ஸ்அப்பில் நீர் துண்டு துண்டாக அனுப்பிய கேள்விகள் எல்லாவற்றையும் ஆறுதலாக இருந்து கேட்டேன். பிழிந்து பார்த்தால் கேள்வி ஒன்றுதான். எண்ணெய் விலை இப்படி ஏறிக்கொண்டு போக, விமானக் கம்பனிகள் நட்டத்தில் தள்ளாட, இந்த நேரத்தில் பைலட்டுக்குப் படிப்பது புத்தியா? படித்து முடித்தாலும் வேலை நிலைக்குமா? உம்மைப் போல உயர்தரம் முடித்த பிள்ளைகள் வேறு பலரும் இதையே கேட்கிறார்கள். ஆகவே பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். கோபிக்க வேண்டாம், உம்முடைய பெயரை எழுதவில்லை.

முதலில் உம்மைக் கொஞ்சம் ஏச வேண்டியிருக்கிறது. விடிய எழும்பின உடனே கச்சா எண்ணெய் விலையைத்தான் போனில் பார்க்கிறீராம். விலை இறங்கினால் முகம் மலருதாம், நூறு டொலரைத் தாண்டினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்குதில்லையாம். உம்முடைய அம்மா சொன்னா. எண்ணெய் விலை முக்கியமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை மட்டும் பார்த்து ஒரு விமானியின் வேலை நிலைக்குமா என்று தீர்மானிப்பது பெரும் பிழை. இந்தப் பிழையை உமக்குக் காட்டிவிட்டால் இந்தக் கடிதத்தின் பாதி வேலை முடிந்தது.

குருநகரில் பிறந்து வளர்ந்த உமக்கு இது விளங்காமல் இருக்கக் கூடாது. விமானத்துக்கு ஊற்றுகிற ஜெட் எண்ணெய் என்பது நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான். எங்கள் இறங்குதுறையில் சின்ன வள்ளங்களின் இஞ்சின் குடிப்பதும் அதே இனத்து எண்ணெய். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலை எல்லா வள்ளத்துக்கும் பொதுவானது. ஆனாலும் எல்லா வள்ளமும் ஒரே நாளில் கரையில் ஏறவில்லை. இஞ்சினைக் கடனுக்கு எடுத்தவர், வலையை இன்னொருவரின் முற்பணத்தில் வாங்கியவர், ஒரு கிழமைச் செலவுக்கும் கையில் காசில்லாதவர்தான் முதலில் நிறுத்தினார். கடன் இல்லாதவர் போகிற நாளைக் குறைத்தார், போகிற தூரத்தைக் குறைத்தார், தொழிலை விடவில்லை. விமானக் கம்பனிக்கும் இதுதான் கணக்கு. எண்ணெய் விலை எல்லாருக்கும் ஏறும். அந்த ஏற்றத்தில் விழுகிற கம்பனி, அதற்கு முன்பே கால் தளர்ந்து நின்ற கம்பனி.

"அப்படியென்றால் எண்ணெயால் ஒன்றும் இல்லையா மாமா?" என்று கேட்பீர். இருக்கிறது. உலகக் கணக்கில் ஒரு விமானக் கம்பனியின் நடத்தும் செலவில் ஏறக்குறைய 25 முதல் 30 சதவீதம் எண்ணெய்க்கே போகிறது. வரியும் சேருவதால் இந்தியாவில் அது 40 சதவீதத்தை எட்டும். இதில் இரண்டு இடங்களில் வலி கூடும். ரிக்கற்றை மூன்று மாதத்துக்கு முன்பு விற்றாயிற்று. நடுவில் எண்ணெய் ஏறினால், ஏற்கெனவே காசு கட்டின பயணியிடம் போய் மிச்சத்தைத் தாரும் என்று கேட்க முடியாது. அடுத்தது, எண்ணெய்க்கும் விமான வாடகைக்கும் உதிரிப்பாகத்துக்கும் டொலரில் கட்ட வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. எண்ணெயும் ஏறி, எங்கள் ரூபாவும் விழுந்தது. இரண்டு அடியும் ஒன்றாக விழுந்த காலம் அது. அந்த நாட்களில் கட்டுநாயக்காவில் ஜெட் எண்ணெய் போதாமல், தூரப் பயண விமானங்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போனதை மறக்க வேண்டாம்.

"விலையை முன்கூட்டியே பேசி வைக்கலாமே" என்று அடுத்ததாகக் கேட்பீர். நல்ல கேள்வி. அப்படிப் பேசி வைத்துப் பிழைத்த கம்பனியும் உண்டு. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் கம்பனி 2008 வரையான விலையேற்றத்தை அப்படித்தான் தாங்கியது. ஆனால் அது இரண்டு பக்கமும் வெட்டும். 2008 யூலையில் பரல் 147 டொலருக்குப் போன எண்ணெய் அந்த ஆண்டு முடிவதற்குள் 40 டொலருக்குக் கீழே விழுந்தது. விலை இன்னும் ஏறும் என்று நம்பி வங்கிகளோடு ஒப்பந்தம் செய்த எங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அதில் மாட்டி, வழக்கு லண்டன் நீதிமன்றம் வரை போனது. ஆகையால், "இந்தக் கம்பனி முன்விலை பேசி வைத்திருக்கிறது" என்று யாரும் சொன்னால் அதைக் கேட்டு நிம்மதியடையாதேயும். எவ்வளவுக்கு, எந்த விலையில், எத்தனை மாதத்துக்கு என்று கேளும்.

இப்போது உம்முடைய கணக்கையே உடைக்கிற ஒரு உண்மையைச் சொல்கிறேன். எண்ணெய் மலிந்தால் விமானியின் வேலை பாதுகாப்பு என்று நீர் நினைக்கிறீர். எங்கள் காலத்தில் எண்ணெய் படுமலிவாகக் கிடந்த நேரம் எது? 2020 ஏப்ரல். அந்த மாதம் ஒரு நாள் அமெரிக்கச் சந்தையில் எண்ணெய் விலை பூச்சியத்துக்கும் கீழே போனது. அதே ஆண்டில்தான் உலகம் முழுவதும் விமானிகள் பெருந்தொகையாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். எமிரேட்ஸ் விமானிகளை நீக்கியது. கட்டார் எயார்வேய்ஸும் ஆட்களைக் குறைத்தது. ஹொங்கொங்கில் கத்தே டிராகன் என்ற கம்பனி அந்த ஒக்டோபரில் அப்படியே மூடப்பட்டது. எண்ணெய் மலிவாகத்தான் இருந்தது, பயணிதான் இல்லை. விமானியின் சம்பளம் பயணியின் காசிலிருந்து வருகிறது, எண்ணெய் மலிவிலிருந்து வருவதில்லை.

மறுபக்கத்தையும் பாரும். 2011 முதல் 2014 நடுப்பகுதி வரை எண்ணெய் பரல் பெரும்பாலும் நூறு டொலருக்கு மேலே நின்றது. அந்தக் காலத்தில் இந்தியாவில் கிங்ஃபிஷர் என்ற கம்பனி இருந்தது. பகட்டான விமானம், பகட்டான சாப்பாடு, பகட்டான விளம்பரம். கடன் கழுத்துவரை. கடைசியில் எண்ணெய் கொடுத்தவர்கள் காசைக் கையில் வைத்தால்தான் எண்ணெய் என்றார்கள். சம்பளம் மாதக்கணக்கில் நின்றது. 2012 ஒக்டோபரில் பறப்பும் நின்றது. அதே ஆண்டுகளில், அதே விமான நிலையங்களில், அதே விலைக்கு, அதே வரியும் கட்டி எண்ணெய் வாங்கிய இன்டிகோ இலாபம் காட்டியது, புது விமானிகளை எடுத்தது. எண்ணெய்தான் காரணம் என்றால் இரண்டும் அல்லவா விழுந்திருக்க வேண்டும்? இன்டிகோ ஏறக்குறைய ஒரே இன விமானத்தை வைத்திருந்தது. அதனால் பயிற்சிச் செலவும் உதிரிப்பாகச் செலவும் குறைவு. விமானத்தை நிலத்தில் சும்மா நிற்க விடாமல் நாள் முழுக்க ஓட்டியது. பெருமைக்கு ஒன்றும் வாங்கவில்லை. இந்த ஒரு சோடியை வடிவாக மனதில் வைத்திரும், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இன்னும் சில பெயர் சொல்கிறேன். ஜெட் எயார்வேய்ஸ், 1993இல் தொடங்கி இந்தியாவின் பெரிய கம்பனிகளில் ஒன்றாக நின்றது. 2019 ஏப்ரல் 17ஆம் திகதி இரவு அதன் கடைசி விமானம் புறப்பட்டது. அன்றைக்கு எண்ணெய் 70 டொலர்தான். மலிவு விலைக் கம்பனிகளோடு கட்டணப் போட்டி போட்டு, கடனுக்கு மேல் கடன் வாங்கி, காசு தீர்ந்து போனது. இருபதாயிரம் பேரளவில் வேலை இழந்தார்கள். மாதக்கணக்காகச் சம்பளம் காணாத விமானிகளில் சிலர் குறைந்த சம்பளத்துக்கு வேறு கம்பனிகளில் போய்ச் சேர்ந்தார்கள். கம்பனியைத் திரும்ப எழுப்பலாம் என்று ஐந்து ஆண்டு இழுத்த பிறகு, 2024 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் சொத்துகளை விற்றுக் கணக்கை முடிக்கச் சொன்னது. அடுத்தது கோ ஃபர்ஸ்ட். 2023 மே மாதம் அது விழுந்ததற்கு எண்ணெய் பெரிய காரணமே இல்லை. வாங்கிய இஞ்சின்களில் பழுது வந்து அதன் விமானங்களில் பாதியளவு நிலத்தில் நின்றன. பறக்காத விமானத்துக்கும் வாடகை கட்ட வேண்டும், அதை ஓட்ட வேண்டிய விமானிக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் தொடங்கிய பரமவுண்ட் எயார்வேய்ஸ் கூட விமானத்தை வாடகைக்குத் தந்தவர்களோடு வந்த தகராறில்தான் 2010இல் பறப்பை நிறுத்தியது. வாடகைக்காரன் ஒரு நாள் வந்து விமானத்தைக் கொண்டு போனால், நீர் எவ்வளவு கெட்டிக்கார விமானியாக இருந்தும் பிரயோசனம் இல்லை.

இனி எங்கள் நாட்டுக் கம்பனிக்கு வருவோம். நீர் வேலைக்குப் போக ஆசைப்படுவதும் அதற்குத்தானே.

1979இல் எயார்லங்கா என்ற பெயரில் தொடங்கியது. 1998இல் எமிரேட்ஸ் 40 சதவீதப் பங்கை வாங்கி நிர்வாகத்தை எடுத்தது. பிறகுதான் ஸ்ரீலங்கன் என்ற பெயர் வந்தது. 2001 யூலையில் கட்டுநாயக்கா விமான நிலையம் தாக்கப்பட்டபோது கம்பனியின் எயார்பஸ் விமானங்களில் பல ஒரே நாளில் இல்லாமல் போயின. அதிலிருந்தும் எழும்பி இலாபம் காட்டிய கம்பனி இது. போருக்குள்ளேயே தப்பின கம்பனி எப்போது சரிந்தது தெரியுமா? 2007 கடைசியில் லண்டனிலிருந்து திரும்பிய அப்போதைய ஜனாதிபதியின் பரிவாரத்துக்கு இடம் கொடுப்பதற்காக, ரிக்கற் எடுத்து இருந்த பயணிகளை இறக்க நிர்வாகம் மறுத்தது. தலைமை அதிகாரி பீற்றர் ஹில்லின் விசா பறிக்கப்பட்டது. 2008இல் எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டு வெளியேறியது. 2010இல் அதன் பங்குகளையும் அரசாங்கம் வாங்கிக்கொண்டது. அதன் பிறகு பெரும்பாலான ஆண்டுகள் நட்டம்தான்.

இடையில் 2007இல் மிஹின் லங்கா என்று இன்னொரு அரசாங்கக் கம்பனி தொடங்கி, நட்டத்தில் ஓடி, 2016இல் ஸ்ரீலங்கனோடு சேர்த்து மூடப்பட்டது. 2013இல் புது எயார்பஸ்களுக்குப் பெரிய ஒப்பந்தம் போடப்பட்டது. பிறகு ஏ350 விமானங்கள் வேண்டாம் என்று, அவற்றில் ஒன்றும் வராமலே கோடிக்கணக்கான டொலர் நட்டஈடு கட்டப்பட்டது. அந்த ஒப்பந்தத்தில் இலஞ்சம் நடந்ததென்பது 2020 சனவரியில் எயார்பஸ் கம்பனி வெளிநாட்டு நீதிமன்றங்களில் செய்த இணக்கத்தில் வெளிவந்தது. 2022 மே மாதம் பிரதமராக வந்த ரணில் விக்கிரமசிங்க நாட்டுக்குச் சொன்ன கணக்கு இது: 2020-21 ஓராண்டில் மட்டும் நட்டம் 4,500 கோடி ரூபா, 2021 மார்ச் வரை சேர்ந்த நட்டம் 37,200 கோடி ரூபா. விமானத்தில் கால் வைத்தே அறியாத ஏழையும் இந்த நட்டத்தைச் சுமக்கிறான் என்றும் அவர் சொன்னார். அந்த ஏழைகளில் இந்தக் குருநகர்ச் சனமும் அடக்கம், மருமகனே. அரசாங்க உத்தரவாதத்தோடு விற்ற 17.5 கோடி டொலர் கடன்முறியும் 2024இல் தவணை வந்தபோது திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்றது.

இதையெல்லாம் வாசித்ததும் நீர் என்ன முடிவுக்கு வருவீர் என்று எனக்குத் தெரியும். "அப்போ ஸ்ரீலங்கன் விமானிகள் எல்லாரும் வேலை இழந்திருப்பார்கள்" என்று. அதுதான் இல்லை. கொவிட் காலத்தில் சம்பளம் வெட்டப்பட்டது, 2022இல் ரூபா விழுந்ததோடு மிச்சச் சம்பளத்தின் பெறுமதியும் கரைந்தது. அதே நேரம் வளைகுடாக் கம்பனிகள் மறுபடி ஆள் எடுக்கத் தொடங்க, விமானிகள் தாங்களாகவே விட்டுவிட்டுப் போனார்கள். 2023இல் விமானியில்லாமல் பறப்புகள் பிந்தின, ரத்தாகின. நட்டத்தில் கிடந்த கம்பனி விமானியைத் துரத்தவில்லை, விமானிதான் கம்பனியைத் துறந்தான். அரசாங்கத்தின் காசு பின்னால் நிற்கும்வரை அரசாங்கக் கம்பனி திடீரென்று மூடப்படாது. ஆனால் அதன் பலவீனம் சம்பளத்தில், பதவி உயர்வில், பயிற்சியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். வேலைப் பாதுகாப்பு என்பது வேலை நீக்கக் கடிதம் வராமல் இருப்பது மட்டுமென்று நீர் நினைத்திருந்தீர். சம்பளத்தின் பெறுமதியும் அதற்குள் அடக்கம்.

"பலாலி திறந்துவிட்டதே மாமா, ஊரிலேயே வேலை வருமே" என்றும் ஒரு ஆசையைச் சொன்னீர். இந்த ஆசை எனக்கும் உண்டு. 1947 டிசம்பரில் எயார் சிலோன் தன் முதல் பயணத்தை இரத்மலானையிலிருந்து மதராசுக்கு நடத்தியபோது, எங்கள் பக்கத்தில் இறங்கித்தான் போனது. 2019 ஒக்டோபரில் பலாலியில் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டு, நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னைக்குப் பறந்தது. 2020 மார்ச்சில் நின்றது. 2022 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. 2024 செப்ரெம்பரில் இன்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. எல்லாம் வெளியே விசிறி சுழலும் சின்ன ஏரீஆர் விமானங்கள். சந்தோசம்தான். ஆனால் விமானம் இந்தியக் கம்பனியுடையது, விமானிக்கும் அங்கேதான் சம்பளம். சின்ன விமானம் ஓடும் ஒரு வழித்தடத்தை நிறுத்துவதற்குக் கம்பனிக்கு ஒரு அறிவித்தல் போதும். பலாலியை நம்பி தரைப் பணியாளராக, சரக்குப் பகுதியில், சுங்க வேலையில் சேரலாம். பைலட் படிப்புக்குப் பலாலியைக் காரணமாகச் சொல்லாதேயும்.

"அப்போ டுபாய், கட்டார் போகலாம்." போகலாம். ஆனால் அங்கே உம்முடைய விசா உம்முடைய வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடும் போகும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும், குறுகிய காலத்துக்குள் நாட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். 2020இல் அது பலருக்கு நடந்தது. பிறகு 2022இல் அதே கம்பனிகள் திரும்பக் கூப்பிட்டதும் உண்மை. நடுவில் உள்ள இரண்டு ஆண்டை யார் சாப்பாடு போட்டுக் கடத்துவது? அதைத்தான் நீர் கணக்கிலே எடுக்கவில்லை.

இப்போது நீர் எனக்கு அனுப்பிய அந்தப் பறப்புப் பள்ளியின் விளம்பரத்துக்கு வருகிறேன். "உலகம் முழுவதும் பைலட் பஞ்சம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இருபது ஆண்டில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட புது விமானிகள் தேவை என்று போயிங் 2023இல் சொன்னது உண்மை. விமானம் விற்கிறவன் சொன்ன கணக்கு அது என்பதை நினைவில் வையும். பஞ்சம் இருக்கிறது, ஆனால் யாருக்கு? 2025 டிசம்பரில் இன்டிகோவே ஆயிரக்கணக்கான பறப்புகளை ரத்துச் செய்தது. விமானிகளின் ஓய்வு பற்றிய புது விதிக்கு ஏற்றபடி அட்டவணை போட அதனிடம் ஆள் போதவில்லை. அந்த நேரம் அதற்குத் தேவைப்பட்டவர்கள், அந்த விமானத்தில் பயிற்சி முடித்து, உடனே இருக்கையில் ஏறக்கூடிய விமானிகள். 200 மணித்தியாலம் மட்டும் பறந்து வணிக உரிமம் எடுத்த பிள்ளை அந்த வரிசையில் இல்லை. கப்டனாவதற்கான உரிமத்துக்கு 1,500 மணித்தியாலம் வேண்டும். இருநூறுக்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் நடுவில்தான் எத்தனையோ பிள்ளைகள் உரிமத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள். இதைப் பள்ளிக்காரர் விளம்பரத்தில் எழுதமாட்டார்கள்.

இன்னொன்றையும் யாரும் உமக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆசிரியர் வேலை போனாலும் சான்றிதழ் சான்றிதழ்தான். கணக்காளர் வேலை போனாலும் அப்படித்தான். விமானியின் உரிமம் சும்மா கிடந்தால் பிடிப்பு விடும். தொண்ணூறு நாளைக்குள் மூன்று முறை ஏற்றி இறக்கியிருந்தால்தான் பயணியை ஏற்றலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. குறித்த காலத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. கம்பனி இருக்கும்வரை இதற்கெல்லாம் கம்பனி கட்டும். கம்பனி விழுந்தால் அடுத்த மாதம் முதல் உம்முடைய பொக்கற்றிலிருந்து கட்ட வேண்டும், அதுவும் சம்பளம் இல்லாத நேரத்தில். போதாக்குறைக்கு, பல கம்பனிகளில் மூப்பு வரிசை உண்டு. பத்து ஆண்டு அனுபவத்தோடு போனாலும் புதுக் கம்பனியில் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டிவரும். அடுத்த வெட்டு வந்தால் முதலில் போகிறவரும் கடைசியாக வந்தவர்தான்.

"எல்லாவற்றையும் சொல்லிப் பயப்படுத்துகிறீர்களே, போகாதே என்கிறீர்களா?" இல்லை மருமகனே. போம். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போம். ஒரு கம்பனி நிற்குமா என்று பார்க்கச் சில வழி சொல்கிறேன், எழுதி வையும்.

கணக்கறிக்கையில் இலாப நட்டத்தை மட்டும் பார்க்காதேயும். கையில் எவ்வளவு காசு இருக்கிறது, அது எத்தனை மாதச் செலவுக்குக் காணும் என்று பாரும். விமானக் கம்பனி நட்டத்தால் உடனே சாகாது, காசு தீரும் நாளில்தான் சாகும். விற்ற ரிக்கற்றின் காசை இலாபம் என்று எண்ண வேண்டாம். பயணியைக் கொண்டு போய் இறக்கும்வரை அது கடன். அடுத்து, எத்தனை விமானம் பறக்கிறது, எத்தனை நிலத்தில் நிற்கிறது என்று பாரும். நிற்கிற விமானத்திலிருந்து பாகம் கழற்றிப் பறக்கிற விமானத்துக்குப் பூட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் கவனம். எண்ணெய் கொடுப்பவர் கடனுக்குக் கொடுக்கிறாரா, கைக்காசு கேட்கிறாரா என்று விசாரியும். அங்கே வேலை செய்கிறவரிடம் சம்பளம் எந்தத் திகதிக்கு வருகிறது என்று கேளும். இருபத்தைந்தாம் திகதி வந்த சம்பளம் அடுத்த மாதம் ஐந்தாம் திகதிக்கும் பிறகு பத்தாம் திகதிக்கும் போனால் அதைவிட வெளிப்படையான அறிவித்தல் வேறில்லை. இலங்கைக் கம்பனியென்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உம்மிடம் வெட்டும் 8 சதவீதமும் அவர்கள் போட வேண்டிய 12 சதவீதமும் உண்மையில் கட்டப்படுகிறதா என்று பாரும். சம்பளத் துண்டில் வெட்டினால் கட்டினதாக அர்த்தமில்லை.

இனிக் குடும்ப விசயம். இதில்தான் நீர் பெரும் பிழை விடப் பார்க்கிறீர். இன்றைய நாணய மாற்றில் கோடி ரூபாவைத் தொடும் படிப்பு இது. ரொறன்ரோவிலிருக்கும் சித்தப்பா கொஞ்சம் தருவார், மிச்சத்துக்கு அம்மாவின் காணி உறுதியை வங்கியில் வைக்கலாம் என்று சாதாரணமாகச் சொல்கிறீர். அந்தக் காணி உம்முடைய தங்கச்சிக்கும் உரியது. இடப்பெயர்வு எல்லாவற்றுக்கும் பிறகு அந்த வீட்டில் மிஞ்சினது அதுதான். எந்தக் கம்பனி விழும் என்று யாருக்கும் தெரியாத தொழிலுக்கு, வேலை கிடைக்கும் முன்பே உறுதியை வைப்பது துணிச்சல் இல்லை, அவசரம். சித்தப்பாவின் காசையும் முழுவதாக ஒரே முறையில் பள்ளிக்குக் கட்டாதேயும். பறக்கப் பறக்கக் கட்டும். பள்ளியும் ஒரு கம்பனிதான், அதுவும் மூடப்படும்.

பட்டம் ஒன்றை எடும். பொறியியலோ கணக்கியலோ கணினியோ, விமானம் இல்லாத நாளிலும் சோறு போடக்கூடிய ஒன்று. உமக்கு வயது இருக்கிறது. வர்த்தக விமானத்தில் 65 வயது வரை பறக்கலாம், மூன்று ஆண்டு பிந்தினால் வானம் ஓடிவிடாது. விமானத்தின் மீதுதான் ஆசை என்றால் விமானப் பராமரிப்புப் பொறியியலையும், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டையும் எண்ணிப் பாரும். கம்பனி மாறினாலும் அந்தத் தொழில்களுக்கு ஆள் தேவை. பைலட்தான் என்று நின்றால், அதிகம் பேர் வைத்திருக்கிற விமான இனத்தில் பயிற்சி எடும். ஏ320 தெரிந்தவருக்குக் கதவு தட்ட நூறு கம்பனி இருக்கிறது. அரிதான விமானத்தை மட்டும் தெரிந்தவருக்கு அப்படி இல்லை. வேலை கிடைத்த பிறகு முதல் வேலையாக ஆறு மாதச் செலவுக்கும் ஓராண்டு உரிமச் செலவுக்கும் காசைச் சேர்த்து வையும். அதற்கு முன் புதுக் கார் வாங்கினீர் என்று கேள்விப்பட்டால் குருநகர்ச் சந்தியில் வைத்தே ஏசுவேன்.

"காசில்லாத வீட்டுப் பிள்ளை ஆசைப்படவே கூடாதா?" என்று கடைசிக் குரல்பதிவில் கேட்டிருந்தீர். அந்தக் குரல் என்னை வருத்தியது. ஆசைப்பட வேண்டும். பாடும்மீன் கழகத்துக்குப் பந்தடிக்கிற இந்தக் கரைப் பிள்ளைகளில் ஒருவர் கட்டுநாயக்காவில் கப்டன் தொப்பி போட்டு இறங்குவதைப் பார்க்க எனக்கும் ஆசை. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சந்தர்ப்பம்தான் இருக்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளை கம்பனி விழுந்தால் ஓராண்டு காத்திருந்து வேறிடம் போவான். எங்கள் பிள்ளைக்கு அந்த ஓராண்டு வட்டியாகப் போகும். அதனால்தான் எங்கள் பிள்ளை மற்றவரைவிடக் கூடக் கணக்குப் பார்க்க வேண்டும்.

என் முடிவைச் சொல்கிறேன். எண்ணெய் விலை ஏறும், இறங்கும், திரும்ப ஏறும். 65 வயது வரை பறக்கப் போகிற நீர் அதைப் பல தடவை காண்பீர். உம்முடைய வேலையைக் காப்பது இரண்டுதான்: கடனில் மூழ்காத கம்பனி, கடனில் மூழ்காத விமானி. முதலாவது உம்முடைய கையில் இல்லை, தெரிந்தெடுக்க மட்டும் முடியும். இரண்டாவது முழுக்க உம்முடைய கையில்.

பள்ளிக்கு ஒரு சதமும் கட்ட முதல், சிவில் விமான சேவைகள் அதிகாரசபை ஏற்றுக்கொண்ட மருத்துவரிடம் போய் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழுக்கான பரிசோதனையைச் செய்யும். கண்ணிலோ காதிலோ இதயத்திலோ குறை இருந்தால் அதை இப்போதே அறிவது நல்லது, கோடி கட்டிய பிறகு அல்ல. அதில் தேறினால் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பும். இரண்டையும் முடித்துவிட்டு எனக்கு எழுதும். அடுத்த கணக்கை இருவரும் சேர்ந்து போடுவோம்.

அன்புடன்,
மாமா